கமிட்டியா, உள்சங்கமா, இணைப்புச் சங்கமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்து ஆலைகளில் சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் ஆன தொழிலாளர்கள் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். சம்பள உயர்வு போதவில்லை, ஓவர்டைம் கணக்கு புரியவில்லை, கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. “தொழிலாளர் கமிட்டி இருக்கிறதே, அதில் சொல்லுங்கள்” என்கிறது நிர்வாகம். “நாமே ஒரு சங்கம் பதிவு செய்வோம், வெளியாட்கள் வேண்டாம்” என்கிறார்கள் சிலர். சிஐடியு, ஏஐடியுசி, தொமுச, பிஎம்எஸ் போன்ற, பல ஆலைச் சங்கங்களின் கூட்டமைப்பான ஏதாவது ஒரு மத்திய சங்கத்தோடு இணைந்தால்தான் நிற்க முடியும் என்கிறார்கள் வேறு சிலர். கேன்டீனிலும் கம்பெனி பஸ்ஸிலும் நடக்கும் இந்த விவாதம் பெரும்பாலும் கட்சிப் பேச்சாக மாறிவிடுகிறது. யோசிக்க வேண்டிய விஷயம் அதில் காணாமல் போகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்ற சங்கம் கட்டாயம் வேண்டும். அது எந்தக் கொடியின் கீழ் நிற்கிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியவை வேறு. ஊதிய ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரப்பில் கையெழுத்திடுபவர் யார்? அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? அவர் சரியில்லை என்றால் அவரை இறக்கிவிட உங்களுக்கு வழி இருக்கிறதா? மூன்று வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே அளந்து பார்க்கிறேன்.

அதற்கு முன், எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த அமைப்பும் இல்லாத ஆலையில் அமைதி நிலவுவதாகத் தோன்றும். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையைக் கேட்டுச் சொல்ல அவர்களுக்கென்று ஒரு பிரதிநிதிகூட இல்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை பல நாட்கள் மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு உட்பட்டவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்கள் சாப்பாட்டைப் பற்றி அதற்கு முன்பே பேச ஒரு வழி இருந்திருந்தால் சாலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

இனி கமிட்டி. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில், நிர்வாகப் பிரதிநிதிகளும் அவர்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் பணிக்குழு அமைக்க 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே இடம் தந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கூடவே, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்றும், அதில் பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும் என்றும் புதிய தொகுப்பு சொல்கிறது. இவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். குடிநீர், கழிப்பறை, கேன்டீன் உணவு, சீருடை, பஸ் நேரம், லைனில் மின்விசிறி, முதலுதவிப் பெட்டி என்று அன்றாடம் உறுத்தும் பல காரியங்கள் கமிட்டியில் பேசினாலே தீர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சங்கக் கடிதம், தகராறைத் தீர்த்துவைக்கும் அரசின் சமரச அதிகாரி என்று போவது இரு தரப்புக்கும் சோர்வு.

ஆனால் ஊதியம் என்று வந்தால் கமிட்டிக்குக் கை இல்லை. பணிக்குழு தொழிற்சங்கத்தின் இடத்தைப் பிடிக்க வந்ததல்ல என்பதையும், பணி நிலைமைகளில் பெரிய மாற்றங்களை அது ஏற்றுக்கொண்டாலும் தொழிலாளர்களை அது கட்டுப்படுத்தாது என்பதையும் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே தெளிவாக்கிவிட்டது. கமிட்டி உறுப்பினருக்குச் சட்டத்தின் காப்பும் குறைவு. ஒரு தகராறு நிலுவையில் இருக்கும்போது ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளி’ என்று ஏற்கப்பட்டவரை, அந்தத் தகராறை விசாரிக்கும் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் பணிநீக்கம் செய்ய முடியாது. மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம் பேருக்கு, குறைந்தது 5 பேருக்கு, இந்தக் காப்பு உண்டு. ஆனால் அது பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளுக்கு மட்டுமே. கமிட்டியில் துணிந்து பேசியவருக்கு மறுவாரம் நிர்வாகத்திடமிருந்து சார்ஜ் ஷீட் வந்தால் அவர் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024-இல் நடந்தது இதற்குப் பெரிய பாடம். ஏறத்தாழ 1,800 நிரந்தரத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிஐடியுவோடு இணைந்த சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் நிர்வாகம் வேறொரு தொழிலாளர் கமிட்டியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் இடைக்கால ஊக்கத்தொகை, கூடுதல் தடங்களில் குளிர்சாதன பஸ் என்று அதில் உருப்படியான சலுகைகள் இருந்தன. இருந்தும் வெளியே பந்தலில் இருந்தவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. கடனும் வாடகையும் நெருக்கும் நேரத்தில் 5,000 ரூபாயைத் தள்ளிவைப்பது எளிதல்ல. தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் தங்கள் பெயரில் கையெழுத்திடுவதை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். 37 நாட்களுக்குப் பிறகு, அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் பழிவாங்கல் கூடாது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற அளவில்தான் அந்தப் போராட்டம் முடிந்தது.

இரண்டாவது வழி உள்சங்கம். ஆலைத் தொழிலாளர்களே நிர்வாகிகளாக இருந்து, எந்தக் கூட்டமைப்போடும் சேராமல், சட்டப்படி பதிவு செய்துகொள்வது. ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆலையில் உள்ளவர்களில் பத்து சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். நிர்வாகங்கள் பொதுவாக இந்த வகைச் சங்கத்தோடுதான் எளிதில் பேசுகின்றன.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் சிஐடியு சார்புச் சங்கம் 2007-இல் உருவானது. நிர்வாகம் அதை அங்கீகரிக்கவில்லை. உள்ளிருப்புப் போராட்டங்களும் பணிநீக்கங்களும் நடந்தன. பின்னர் 2011-இல் உருவான யுனைடெட் யூனியன் ஆஃப் ஹூண்டாய் எம்ப்ளாயீஸ் என்ற ஆலைச் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தது. அந்தச் சங்கத்தோடு 2025 செப்டம்பரில் செய்த ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் மாதம் 31,000 ரூபாய் உயர்வு கிடைத்தது. முதல் ஆண்டில் அதில் 55 சதவீதம், அடுத்த ஆண்டுகளில் 25, 20 சதவீதம். உள்சங்கம் என்றாலே எலும்பில்லாதது என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். அதே நேரம், இந்தத் தொகை வந்தது உள்சங்கத்தின் நயமான பேச்சால் மட்டும் என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். முந்தைய சங்கத்துக்காக வேலையை இழந்தவர்களின் பங்கும் அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உள்சங்கத்தின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் அதே நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். ஷிப்ட் மாற்றம், வேறு மாநிலத்துக்கு இடமாற்றம், பதவி உயர்வு, சஸ்பென்ஷன் எல்லாம் எதிர்த் தரப்பின் கையில். பேச்சுவார்த்தை மேசையில் எதிரே அமர்ந்திருப்பவரிடம் மறுநாள் காலை லீவு கேட்க வேண்டும். மனிதனால் எவ்வளவு தாங்க முடியும்? கூடவே, லாப நட்டக் கணக்கைப் படிக்கவும், கோரிக்கை மனு தயாரிக்கவும், உள்விசாரணையில் குறுக்கு விசாரணை செய்யவும் பழகிய ஆள் உள்ளே கிடைப்பது அரிது. இதற்கெல்லாம் ஒரு நல்ல தொழிலாளர் வழக்கறிஞரை ஆண்டுக்கணக்கில் அமர்த்திக்கொள்ளும் உள்சங்கங்கள் உண்டு. அதற்குச் சந்தா ஒழுங்காக வர வேண்டும்.

ஓர் உள்சங்கம் உங்களுடையதா, நிர்வாகத்தின் பிள்ளையா என்று தெரிந்துகொள்ள அதன் சட்டவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிர்வாகிகள் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, ரகசிய வாக்கா கைதூக்கலா, வரவு செலவு பொதுக்குழுவில் வைக்கப்படுகிறதா, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வரைவை உறுப்பினர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா. இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ஒப்பந்தம் முடிந்த பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட தாளைப் பார்த்துத்தான் உறுப்பினர்களுக்கு விஷயமே தெரிகிறது என்றால், அங்கே சங்கம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, மத்திய சங்கத்தோடு இணைவது. இதை எதிர்ப்பவர்கள் எடுக்கும் முதல் ஆயுதம் ‘வெளியாள்’ என்ற சொல். சென்னைக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா. ஆலை நிர்வாகத்துக்கு அவர் வெளியாள். அவர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கினார்கள். சங்கம் நடத்துவதே இப்படி வழக்குக்கு உள்ளாகும் நிலை நாடெங்கும் கவலையைக் கிளப்பியது. அதன் விளைவாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறுக்காகச் செயல்படும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது அந்த மாதிரி வழக்குத் தொடுக்க முடியாது என்ற காப்பு அதில்தான் பிறந்தது. வேலையை இழக்கும் அச்சமில்லாமல் பேசக்கூடிய ஒருவர் தலைமையில் இருப்பது தேவை என்பதைச் சட்டமே ஏற்றது. ஆலைச் சங்கத்தின் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம் என்று 2001 திருத்தம் வரம்பு போட்டது. ஆகவே வெளியாளை வைத்துக்கொள்வது விதிமீறல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இணைப்பால் கிடைப்பவை: பழகிய பேச்சாளர், பல ஆலைகளின் ஒப்பந்த நகல்கள், வழக்கறிஞர், போராட்ட நாட்களில் அரிசி பருப்புக்கு உதவி, அமைச்சர் வரை கதவு தட்டும் செல்வாக்கு. சாம்சங்கில் இது நன்றாகவே தெரிந்தது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வருவதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. பதிவு தள்ளிப்போனது. உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே இந்த வழக்கை நடத்துவது ஒரு சிறிய உள்சங்கத்துக்கு இயலாத காரியம். அடுத்த மாதமே மூன்று நிர்வாகிகள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். மீண்டும் உள்ளிருப்பு நடந்தது. கடைசியில் 2025 மே மாதம் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 37 நாள் சம்பளம் இல்லை என்பது ஓர் இளம் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய அடி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இருசக்கர வாகனத் தவணை நிற்கும், ஊரிலிருந்து அப்பா போன் செய்து திட்டுவார், மனைவியின் நகை வங்கிக்குப் போகும். சங்கம் கட்சியோடு நெருங்கியதாக இருந்தால், ஆளும் கட்சிக்கும் அதற்கும் உள்ள உறவு மாறும்போது பேச்சுவார்த்தையின் வேகமும் மாறும். ஆலையில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். கொடியைப் பார்த்து ஒரு பகுதியினர் ஒதுங்கினால் சங்கம் பாதியாகப் பிளக்கும். இந்தப் பிளவுக்காகத்தான் பல நிர்வாகங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. எந்தச் சங்கத்தோடு பேச வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் அங்கீகாரச் சட்டம் மகாராஷ்டிரத்தில் 1971-லேயே வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லாமலே காலம் ஓடியது. அரக்கோணம் எம்ஆர்எஃப் ஆலையில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற தகராறு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழுவரை போனது அந்த வெற்றிடத்தால்தான்.

சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும் என்ற அச்சமும் உண்டு. இதைக் கேலி செய்து ஒதுக்க நான் விரும்பவில்லை. நோக்கியா 2014 நவம்பரில் மூடியதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் வரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டதும், மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த ஆலையை விட்டுவிட்டதும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததற்குக் காரணம் பல ஆண்டு நட்டம். மறைமலைநகரில் அதைச் சங்கத்தால் தடுக்க முடியவில்லை. ஆனால் மூடும் ஆலையில் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் என்பதே சட்டம் சொல்லும் குறைந்தபட்ச இழப்பீடு. அங்கே சங்கம் மாதக்கணக்கில் பேசி, போராடி, சராசரியாக ஆண்டுக்கு 130 நாள் ஊதியம் என்ற அளவுக்கு அது வந்தது. ஆலை போவதைத் தடுக்காவிட்டாலும், வெறுங்கையோடு போகாமல் சங்கம் காக்கும்.

புதிய சட்டத் தொகுப்பு இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் பேச்சுவார்த்தைக் குழு. 12 சதவீதத்தோடு நேர்மையாக நிற்கும் சங்கத்துக்கு மேசையில் நாற்காலியே கிடைக்காது. வேலைநிறுத்தத்துக்கு இனி எல்லா ஆலைகளிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். இவற்றில் பல தொழிலாளிக்குப் பாதகமானவை என்பதே என் கருத்து. ஆனாலும் 51 என்ற எண் ஒரு விஷயத்தைக் கட்டாயமாக்குகிறது. யார் வலது, யார் இடது என்று பிரிந்து நிற்பதைவிட, ஒரே சங்கத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டு வாக்களிப்பது மேல்.

அப்படியானால் எதைத் தேர்வது? 50, 60 பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை என்றால் தனிச் சங்கம் நடத்தும் தெம்பு உங்களுக்கு இருக்காது. வட்டார அளவில் ஏற்கெனவே இயங்கும் பொதுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராவதே நல்லது. உள்ளே குறைதீர்க்கும் குழுவை ஒழுங்காக நடத்தச் சொல்லுங்கள். தலைமுறைகளாக ஒரே நிர்வாகம், ஏற்கெனவே ஒப்பந்தப் பழக்கம் உள்ள நடுத்தர ஆலை என்றால், ரகசிய வாக்கும் வழக்கறிஞரும் உள்ள உள்சங்கம் போதும். கௌரவத் தலைவராக வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து முடிவுகள் வரும் பெரிய ஆலை, அதுவும் சங்கமே கூடாது என்று பல காலம் பழகிய நிறுவனம் என்றால், இணைப்பு இல்லாமல் இறங்காதீர்கள். சாம்சங் தன் சொந்த நாட்டிலேயே சங்கமில்லாக் கொள்கையைக் கைவிடுவதாக 2020-இல்தான் அறிவித்தது. கொரியாவில் அதன் மின்னணுப் பிரிவுத் தொழிலாளர்களின் முதல் வேலைநிறுத்தம் 2024-இல் நடந்தது. அந்தப் பழக்கத்தை ஓர் ஆலைக்குள்ளிருந்து மட்டும் அசைக்க முடியாது.

எந்த வழியாக இருந்தாலும் ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தாகிறது என்று பாருங்கள். சங்கமும் நிர்வாகமும் தனியாக உட்கார்ந்து செய்யும் ஒப்பந்தம், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 18(1) என்று நாம் சொல்லிப் பழகியது, கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னிலையில் செய்யும் 12(3) ஒப்பந்தம் ஆலையில் உள்ள எல்லாரையும், நாளை சேரப்போகிறவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். எண்கள் மாறினாலும் புதிய தொகுப்பில் இந்த வேறுபாடு தொடர்கிறது. சிறுபான்மைச் சங்கம் ஒன்று அவசரமாகச் சமரச அதிகாரி முன் போய் உங்கள் தலையெழுத்தையும் எழுதிவிடும் ஆபத்து இதில் உண்டு. அந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று கண்காணிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இன்னொன்றும் விட்டுவிடக் கூடாதது. மேலே சொன்ன ஒப்பந்தங்கள் எல்லாம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கானவை. அதே லைனில், அதே ஸ்குரூவை முடுக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும், அப்ரண்டிஸுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் எட்டுப் பேராகப் படுத்திருக்கும் பையனுக்கும் அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யும்போது உற்பத்தியை ஓட்ட அவர்களைத்தான் உள்ளே அழைக்கிறார்கள். அவர்கள் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. நாம் அவர்களை ஒருநாளும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. சங்கத்தின் சட்டவிதிகளை முதன்முதலாக எழுதும்போதே, அந்த ஆலையில் வேலை செய்யும் எல்லாரும், யார் மூலம் சம்பளம் வாங்கினாலும், உறுப்பினராகலாம் என்று எழுதுங்கள். துண்டறிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். முதல் கோரிக்கை மனுவிலேயே சம வேலைக்குச் சம ஊதியத்தையும், காண்ட்ராக்டில் பல ஆண்டு வேலை செய்தவர்களை நிரந்தரமாக்குவதையும் சேருங்கள். நிர்வாகம் அந்த இரண்டையும் கடைசியில் பேசலாம் என்று சொல்லும். கடைசிக்கு விட்டுவிடாதீர்கள்.